பின்தெருக் கிணறும் நம் வீட்டுக் குழாயும்



போன வருடம் சித்திரை மாதத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. பின்தெருவில் குடியிருக்கும், கணவரை இழந்த சகோதரி ஒருவர் கொடுத்தது. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் அவருடைய மூத்த மகள் எழுத, கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது, ஒரு போர் போட்டுத் தாருங்கள் என்பதே கோரிக்கை.

நானும் பொருளாளரும் போய்ப் பார்த்தோம். அந்தச் சகோதரி காலையில் இடியாப்பம் அவித்து விற்பவர். மாவு பிசைய, குடிக்க, சோறாக்க எல்லாவற்றுக்கும் இப்போது வண்டித் தண்ணீர்தான். குடம் பத்து ரூபாய் என்று ஒரு நாளைக்கு நான்கு குடம் வாங்குகிறார். மாதம் 1,200 ரூபாய். நம் அறக்கட்டளை அவருக்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகை 1,000 ரூபாய். திரும்பி வரும் வழியில் பொருளாளர் வாய்விட்டுக் கணக்குப் போட்டார்: “அப்ப நம்ம பணம் அந்தப் புள்ளைங்களுக்குப் போகல காக்கா, தண்ணி வண்டிக்காரருக்குப் போகுது.”

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வீட்டில் சிக்கனமாக இருப்பது, சுற்றுச்சூழலைக் காப்பது என்றெல்லாம் பேசினால் நம் வீடுகளில் அது பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்பு மாதிரிதான் கேட்கிறது. ஆனால் நாம் மோட்டாரை நிறுத்த மறப்பதற்கும், அடுத்த தெருவில் ஒருவர் குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுப்பதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. அது எப்படி என்று எனக்கே போன வருடம்தான் விளங்கியது.

நம்மூர் மண் மணல். எட்டடி, பத்தடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். இது வைகையிலிருந்து வந்த தண்ணீர் அல்ல. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் கூரை மீதும் முற்றத்திலும் பெய்கிற மழைதான் மணலுக்குள் இறங்கி நிற்கிறது. அதற்குக் கீழே கடலிலிருந்து உள்ளே புகுந்த உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை கூடியது. ஆகவே ஆணத்தின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நாம் குடிப்பதும் குளிப்பதும் இந்த மிதக்கும் தண்ணீரில்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் கண்டு சொன்னது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி உயரத்துக்கு நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையே திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு நாளடைவில் நாற்பதடி மேலேறி வரும். மேலே நாம் காண்பது ஓரடி, நமக்குத் தெரியாமல் கீழே நடப்பது நாற்பதடி. போர் போட்டு ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சினாலோ, அந்தக் குழாயின் நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி குவிந்து எழும்பும்.

மணலுக்குள் சுவர் கிடையாது என்பதையும் யோசிக்க வேண்டும். பத்திரத்தில் நம் மனைக்கு நான்கு எல்லை எழுதியிருக்கும். தண்ணீருக்கு அந்தப் பத்திரம் தெரியாது. என் வீட்டில் இறைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து நகர்ந்து வந்து நிரப்பும். எவருடைய கிணறு ஆழம் குறைந்ததோ, எவர் வீடு கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ, அவருக்குத்தான் முதலில் உப்புக் கரிக்கும். அவர் இறைத்ததனால் கரித்திருக்க வேண்டும் என்பதில்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றை அளக்கும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை ஏற்கலாம். அந்தச் சகோதரியின் கிணற்றில் 2,600 காட்டியது. கடல்நீரில் இது சுமார் 35,000. அதாவது நல்ல கிணற்றுத் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே போதும், அது குடிக்க ஆகாததாகிவிடும். ஒரு குடம் தண்ணீரில் ஒன்றிரண்டு செம்பு கலந்தது மாதிரி, அவ்வளவுதான்.

இனி நம் அறக்கட்டளை செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டில் இருக்கும் அன்பர் ஒருவர், மறைந்த தம் வாப்பா பெயரில் நிலையான தர்மமாக இருக்கட்டும் என்று பணம் அனுப்பினார். நாம் தெருமுனையில் ஆழமாக ஒரு போர் போட்டோம், மோட்டார் வைத்தோம், பெயர்ப் பலகையும் வைத்தோம். முதல் வருடம் தண்ணீர் இளநீர்தான். மூன்று தெருவிலிருந்தும் வந்து பிடித்தார்கள். இரண்டாவது கோடையில் கரித்தது. மூன்றாவது வருடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மோட்டார் இப்போது நம் அலுவலகப் பின்னறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பலகை மட்டும் அங்கேயே இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு கொடுத்த பணத்தை, மண்ணைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்காமல் செலவழித்தது நாம்தான். அதன் செயலாளர் நான்தான்.

ஆகவே இந்த முறை கமிட்டியில் போர் வேண்டாம் என்று முடிவானது. சுலபமாக முடிவாகவில்லை. இரண்டு கூட்டம் நடந்தது, கொஞ்சம் குரலும் உயர்ந்தது. போர் என்றால் ஒரே நாளில் தண்ணீர் பீய்ச்சும், படம் எடுத்து அனுப்பலாம், கொடுத்தவர் மனம் குளிரும். கிணற்றுக்கு மழைத் தண்ணீர் விடுவது என்றால் யாருக்கும் படம் பிடிக்கத் தோன்றாது. கடைசியில் அந்தப் பழைய கிணற்றைத் தூர்வாரி, சுற்றியிருக்கும் மூன்று வீடுகளின் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து அதன் பக்கத்தில் ஒரு குழிக்குக் கொண்டுவருவது என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று வீட்டாரிடமும் சம்மதம் கேட்டுப் போனேன். ஒரு வீட்டில் வயதான பெரியம்மா சிரித்துவிட்டார். “மானத்துத் தண்ணியத்தான கேக்குறீங்க தம்பி, எடுத்துக்கிருங்க. எங்க காலத்துல அண்டாவ வச்சுப் புடிச்சுத்தான் தேயிலையே போட்டோம்” என்றார்.

குழி தோண்டும்போது மூன்றடிக்குள்ளேயே இரண்டு சாக்கு நிறையப் பிளாஸ்டிக் கவர் வந்தது. தண்ணீர் இறங்க வேண்டிய மணலில் அடுக்கடுக்காக விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. அவற்றில் சில, நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்த பைகள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான், ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் வீட்டைப் பார்ப்போம் என்று தோன்றியது. என் வீடும் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு தெரு தள்ளி, அதே மணலில்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க், கீழே ஒரு குதிரைத்திறன் மோட்டார். டேங்க் நிரம்பி வழியும் சத்தம் கேட்டால்தான் யாராவது எழுந்து போய் நிறுத்துவது வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் வழியும் குழாயின் கீழே இருபது லிட்டர் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு நாற்பது லிட்டர். சத்தம் கேட்டு, “யாராச்சும் மோட்டார நிறுத்துங்களேன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லி, கடைசியில் நிறுத்தப் பத்து நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு 400 லிட்டர். மாதம் 12,000 லிட்டர். அது ஒரு பெரிய டேங்கர் லாரி. என் வீட்டிலிருந்து மாதம் ஒரு லாரித் தண்ணீர் மாடியிலிருந்து சிமெண்டுத் தளத்தில் விழுந்து சாக்கடைக்குப் போயிருக்கிறது. எத்தனை வருடமாக என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மோட்டார் வீணாக ஓடியதற்கு மாதம் ஐந்து யூனிட் மின்சாரம் வேறு.

மறுநாளே டேங்க் நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். 350 ரூபாய். தானாகவே மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வைக்க வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு அதுதான் நல்லது. இன்னொரு விஷயம்: நம் மண்ணில் மோட்டாரை ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஓட விடுவதைவிட, காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பிரித்து ஓட விடுவது நல்லது. கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைக்கும், அடியிலிருந்து உப்பு எழும்புவதும் குறையும்.

அடுத்து ஒளு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று புகாரியில் வருவதை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். முத்து என்பது இரண்டு கையையும் சேர்த்து ஏந்தும் அளவு. நம் கணக்கில் ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஓதினேனே தவிர, நான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று ஐம்பது வயதுவரை அளந்து பார்த்ததில்லை. குழாயின் கீழே வாளியை வைத்து, வழக்கம்போலத் திறந்துவிட்டு ஒளு செய்தேன். ஏழு லிட்டர். இத்தனைக்கும் அளக்கிறோம் என்ற நினைப்போடு கொஞ்சம் வேகமாகத்தான் செய்தேன். மறுவேளை செம்பில் மொண்டு வைத்துக்கொண்டு செய்தேன். ஒரு லிட்டரும் கொஞ்சமும்தான் ஆனது. முத்து அளவுக்கு வர இன்னும் பழக வேண்டும்.

வீட்டில் ஐந்து பேர், ஐந்து வேளை. ஒவ்வொரு தடவையும் ஆறு லிட்டர் மிச்சமானால் நாளைக்கு 150 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் பத்துக் குடம். பின்தெருச் சகோதரி வாங்குவது நான்கு குடம்.

குழாயில்தான் செய்வேன் என்றால் கைவிரல் அளவுக்குத் திறந்து, தேய்க்கும்போதும் மஸ்ஹு செய்யும்போதும் மூடிவிட்டால் இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது நாம் செய்து காட்ட வேண்டும். ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் விரயம் கூடாது என்று பயானில் கேட்டுவிட்டு, வெளியே வந்து குழாயை முழுதாகத் திறந்துவிட்டு செல்போனில் பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களில் ஒருவன் என் மகன். பழைய பள்ளிவாசல்களில் ஹவ்ளு இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. கையால் அள்ளியது போக மீதி அங்கேயே நின்றது.

ஒளு செய்த தண்ணீரை மீண்டும் ஒளுவுக்கு எடுக்கக் கூடாது என்பது நம் மத்ஹபின் சட்டம். ஆனால் அது சுத்தமான தண்ணீர்தான். செடிக்கு விடத் தடை ஏதுமில்லை. ஒளு செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயைப் பிரித்து முருங்கைக்கோ வாழைக்கோ விட்டால் போதும். குளிப்பதைப் பொறுத்தவரை நான் பெரிதாகப் பேசமாட்டேன். ஒரு ஸாஉ, அதாவது மூன்று லிட்டர், நம்மூர் வெயிலுக்கு என்னால் முடியவில்லை. ஒரு வாளியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஷவரில் நின்றால் இரண்டு நிமிடத்தில் அந்த வாளி போய்விடும் என்பதால் ஷவரை மட்டும் கழற்றிவிட்டோம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதற்குப் பின்னால் பெரிய ஆலை இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது. இங்கே நமக்குப் பின்னால் இருப்பது பத்தடி மணல்.

தண்ணீர் கரிக்க ஆரம்பித்ததும் வசதியுள்ள வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டிக்கொண்டார்கள். மாட்டியதில் தவறு இல்லை. ஆனால் அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க சுமார் மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சிறு குழாய் எங்கே போகிறது என்று உங்கள் வீட்டில் பாருங்கள். பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்தான் போகும். அதை ஒரு வாளியில் விழ விடுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, முதல் அலசலுக்கு அது போதும். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கருவேப்பிலைச் செடி அப்படித்தான் பட்டுப்போனது, வீட்டில் எல்லோரும் கண்ணேறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செடிக்கு அரிசி களைந்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் இருக்கின்றன. இதைப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தான்.

இதுவரை சொன்னது செலவைக் குறைப்பது. வரவைக் கூட்டுவது மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை. இப்போது ஆடி. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது நம்மூரிலும் வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினோம். அதில் எத்தனை இன்று வேலை செய்கிறது? என் வீட்டில் வண்ணம் பூச வந்தவர்கள் கழற்றிய குழாய் திரும்ப மாட்டப்படவே இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், மாடியில் விழுவது 74,000 லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக 60,000 லிட்டர் கைக்கு வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு நூறு லிட்டர் என்றால் நான்கு மாதத் தண்ணீர். இதை மணலுக்குள் விட்டால் நம் எல்லோருடைய கிணற்றுக்கும் கீழே உப்பை அழுத்திப் பிடித்து வைக்கிற பாரம் அதுதான்.

செய்முறை பெரிய வித்தை அல்ல. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களை ஒன்றாக இணைத்து, மூன்றடி நீள அகலத்தில் ஐந்தடி ஆழமுள்ள ஒரு குழிக்குக் கொண்டுவர வேண்டும். குழியில் அடியில் பெரிய கல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் மணல். மேலே ஓட்டை போட்ட சிமெண்டு மூடி. மாடியை ஐப்பசிக்கு முன் பெருக்கிவிட வேண்டும். முதல் மழையின் தண்ணீரில் காக்கை எச்சமும் தூசியும் வரும், அதை வெளியே விட ஒரு திறப்பு வைத்துக்கொள்ள வேண்டும். வருடம் ஒருமுறை மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். இதைச் செய்யாததால்தான் 2003இல் வைத்தவை அடைத்துப்போயின. குழி செப்டிக் டேங்கிலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. கிணற்றுக்குள் நேராக மாடித் தண்ணீரை விட நினைப்பவர்கள் வடிகட்டாமல் விடாதீர்கள்.

குழி தோண்ட இடமில்லை, முற்றம் முழுக்க சிமெண்டும் டைல்ஸும் போட்டுவிட்டோம் என்று சொல்பவர்கள் அதிகம். அழகாகத்தான் இருக்கிறது, கால் அழுக்காவதில்லை. ஆனால் அந்த முற்றத்தில் விழும் ஒவ்வொரு மழையும் வாசல் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து கடலுக்கும் போகிறது. மதிலோரம் இரண்டடி அகலத்துக்கு டைல்ஸை எடுத்துவிட்டு மண்ணை மண்ணாக விடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு உடைக்க மனம் வராது, என் அனுபவம் அது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளெல்லாம் ஓடும் அறையில் விசிறி பழுதானால் காயில் கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். உதவி கேட்டு நம்மிடம் வரும் மின்கட்டண ரசீதுகளில் பலவற்றுக்குக் காரணம் பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பர்தான். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

இனி கஞ்சிப் பை. நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். யார் சட்டி பெரிது என்று சண்டையும் நடக்கும். பிறகு எப்படியோ பிளாஸ்டிக் பை வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும், கொதிக்கும் கஞ்சி இன்னும் சில இடங்களில் பையில்தான் போகிறது. சூடான கஞ்சியை அந்தப் பையில் ஊற்றிக் குடிப்பது உடம்புக்கும் நல்லதல்ல. பை எங்கே போகிறது என்பதை அந்தக் குழியில் பார்த்துவிட்டேன். வருகிற ரமலானில் நம் அறக்கட்டளை விநியோகிக்கும் இடத்தில் பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு மட்டும்தான் கஞ்சி என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. பாத்திரம் இல்லாத வீடு என்று ஒன்று இல்லை. வெளியூர் வழிப்போக்கர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஐம்பது கிண்ணங்கள் வாங்கியிருக்கிறோம்.

பின்தெருக் கிணறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன ஐப்பசி, கார்த்திகை மழை மூன்று கூரையிலிருந்தும் இறங்கியது. ஜனவரியில் அளந்தபோது 2,600 இருந்தது 1,700 ஆகியிருந்தது. சந்தோஷப்பட்டோம். மே மாதம் மீண்டும் 2,100. அந்தச் சகோதரி இப்போது துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ கிணற்றையே நம்புகிறார். சோறாக்கவும் மழைக்காலத்தில் அதைத்தான் எடுத்தார். வண்டித் தண்ணீர் நான்கு குடம் இரண்டு குடமாகியிருக்கிறது. மாவு பிசைய இன்னும் வாங்கித்தான் ஆக வேண்டும். மூன்று கூரை போதவில்லை என்பதுதான் இதன் பொருள். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் சேர்த்து நாற்பத்தோரு வீடுகள் இருக்கின்றன. இதுவரை சம்மதம் தந்திருப்பவை, என் வீட்டையும் சேர்த்து, ஒன்பது.

குழி தோண்ட ஆள் கூலியும் ஜல்லியும் அறக்கட்டளை பொறுப்பு. குழாய்ச் செலவு வீட்டாருடையது. முடியாதவர்கள் சொன்னால் அதையும் பார்த்துக்கொள்வோம். டேங்க் அலாரம் மொத்தமாக நூறு வாங்கச் சொல்லியிருக்கிறோம், வாங்கிய விலைக்கே கொடுக்கப்படும். டி.டி.எஸ். மீட்டர் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்தால் உடனே அளந்து சொல்வோம். பாட்டிலின் மேல் தெருப் பெயரும் கிணற்றின் ஆழமும் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து உப்பு ஏறி வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதில் மேற்குத் தெரு முழுவதும் இன்னும் காலியாக இருக்கிறது.